நான்காவது பலகை

முதலில் அந்த மூலையில் இருக்கும் தண்ணீர்க் கேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஐயா. ஒழுகுவது குழாய் இல்லை. எல்லோரும் குழாயைத்தான் திட்டுவார்கள். அடியில் இருக்கும் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கிறது. வந்து உட்கார்ந்ததிலிருந்து எண்ணுகிறேன், இரண்டு மூச்சுக்கு ஒரு சொட்டு. கீழே வைத்திருக்கும் டம்ளர் மதியத்துக்குள் நிரம்பிவிடும். காகிதங்களைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தொழில் புத்தி, மன்னிக்க வேண்டும். போட்டில் தண்ணீர் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து அடைப்பதுதான் பத்து வருடமாக என் பிழைப்பு. பட்டறையில் என்னை டாக்டர் என்பார்கள். எட்டாவதைத் தாண்டாதவனுக்கு இந்தப் பட்டம் கொஞ்சம் அதிகம்தான், நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குத் தண்ணீர் என்றால் பயம். குளிக்கும்போது கண்ணை மூடமாட்டேன். சோப்பு எரிந்தால் எரியட்டும். தலைக்கு ஊற்றும்போது ஒரு கை கதவுப் பிடியில் இருக்கும். நான் குளியலறைக் கதவைத் தாழிடுவதில்லை என்பது என் மனைவிக்குத் தெரியும். மறதி என்று நினைத்து இத்தனை வருடமாகத் திட்டுகிறாள். திட்டட்டும் என்று விட்டுவிட்டேன், மறதிக்காரனாக இருப்பதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லையே.

இப்படிப்பட்டவனுக்கு போட்டில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பட்டறை ஏரிக்கரையில்தான், ஆனால் போட் தரையில், டிரெய்லர் வண்டி மேல் உட்கார்ந்திருக்கும். தண்ணீர் அதற்குள் நான் ஊற்றினால்தான் வரும். அதுவும் வாளிக் கணக்கில், என் சொல் கேட்டு. மற்றவர்களுக்கு ஒழுகல் ஒரு வேலை. எனக்கு அது விரோதி. ஒரு நூல் அளவு ஈரம் இருந்தாலும் எனக்கு முதுகு சில்லிட்டுவிடும். அந்த முதுகை வைத்துத்தான் பேர் வாங்கினேன்.

எல்லாம் நன்றாகப் போயிருக்கும், முதலாளி மட்டும் அந்த ஒரு சட்டத்தைப் போடாமல் இருந்திருந்தால். யார் ஒழுகலை அடைத்தாரோ அவரே முதல் ஓட்டத்தில் போட்டில் உட்கார்ந்து ஏரியை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும். "உன் உயிர் அதுல இருந்தாத்தான்டா நீ கிளாம்பை ஒழுங்கா முறுக்குவ" என்பார். சட்டம் நல்ல சட்டம். எனக்குத்தான் ஒத்துவரவில்லை.

அங்கேதான் விரால் வருகிறான். நீங்கள் ஃபைலில் அவன் நிஜப் பேரை எழுதியிருப்பீர்கள், பட்டறையில் அந்தப் பேர் யாருக்கும் வாயில் வராது. போட்டைத் தண்ணீரில் இறக்கி ஓட்டுவது அவன் வேலை. கையில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு நீந்துவான், அதனால் அந்தப் பட்டம். நான் சேர்ந்த முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டான். படகுத்துறையில் இருபத்திரண்டு பலகைகள். இடுக்கு வழியாகக் கீழே தண்ணீர் தெரியும். நான்காவது பலகையைத் தாண்டி என் கால் போனதில்லை. அவன் என் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு என் தலையிலிருந்த மஞ்சள் தொப்பியை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டு போட்டில் ஏறிவிட்டான்.

முதலாளியின் ஜன்னலிலிருந்து பார்த்தால் தொப்பி மட்டும்தான் தெரியும். பத்து வருடம் அந்தத் தொப்பிதான் எனக்குப் பதிலாக ஏரியைச் சுற்றியது. விரால் யாரிடமும் மூச்சு விடவில்லை. தனியாக இருக்கும்போது மட்டும் என்னை வாத்து என்பான்.

இனி அந்த போட். ஒரு பல் டாக்டருடையது, குடும்பத்தோடு விடுமுறை நாளில் ஓட்டுகிற ஜெட் போட். இதற்கு வெளியே சுழலும் விசிறி கிடையாது. அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும், அந்த உதையில் போட் ஓடும். அதே தண்ணீரில் ஒரு பங்கு ரப்பர் குழாய்கள் வழியாகப் போய் எஞ்சினைக் குளிர வைக்கும். அதாவது ஏரியே போட்டின் வயிற்றுக்குள் குழாய் குழாயாக ஓடிக்கொண்டிருக்கும். எனக்கு இதை நினைத்தாலே சோறு இறங்காது.

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு வாளித் தண்ணி சேருதுங்க, எங்கிருந்துன்னு எவனுக்கும் தெரியல" என்றார் பல் டாக்டர். போட்டின் வயிற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துப் பார்த்தேன், வெளியே ஒரு சொட்டு வரவில்லை. ஆக, ஓட்டை உடம்பில் இல்லை. துடைத்துக் காயவைத்து, முகப் பவுடரைத் தூவி, தோட்டத்துக் குழாயை மாட்டி எஞ்சினை ஓட்டினேன். பவுடர் அப்படியே இருந்தது. தோட்டத்துக் குழாயில் வேகம் பற்றாது. கடைசியில் உள்ளே இருந்த பதினான்கு குழாய் மூட்டுகளிலும் செய்தித்தாளைச் சுற்றிக் கட்டி, விராலை ஒரு சுற்று அனுப்பினேன். திரும்பி வந்தபோது பதின்மூன்று காகிதம் காய்ந்திருந்தது. ஒன்று கஞ்சியாக இருந்தது. குழாய் நுனியில் முடி அளவு கீறல், வேகம் கூடினால் மட்டும் வாய் திறக்கும். நுனியை வெட்டி எறிந்துவிட்டு, மறுபடி செருகி, குழாயைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு புதுக் கிளாம்ப் போட்டு முறுக்கினேன். வெள்ளிக்கிழமை மதியம் அந்த ஒழுகல் முழுசாக அடைபட்டிருந்தது. இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வேலையில் என்மேல் ஒரு குறை வரக்கூடாது.

அந்த வாரம்தான் விரால் வேறு ஊரில் வேலை கிடைத்துவிட்டது என்றான்.

"திங்கக்கிழமை கிளம்பறேன் வாத்து. அப்புறம் உன் தொப்பியை யார் போடுவா?"

"தலை இருக்கிற எவனாவது."

"அதெல்லாம் வேணாம். சனிக்கிழமை காலைல நான் ஒரு ரவுண்டு போயிட்டு வரேன். நீயே கண்ணால பாரு. அப்புறம் உன்னை ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு. ஒரே ரவுண்டு. என் கையைப் பிடிச்சுக்கோ."

"ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்குமேடா உனக்கு."

"ஓட்ட ஒரு கை போதும். இன்னொண்ணு சும்மாதானே இருக்கு, நீ வெச்சுக்கோ."

நல்லவர்களிடம் இதுதான் தொல்லை. மறுக்க நமக்கு ஒரு காரணம்கூட மிச்சம் வைக்கமாட்டார்கள். காய்ச்சல் என்று வீட்டில் படுத்தால் பழத்தோடு வந்து பக்கத்தில் உட்காருவான். முடியாது என்றால் கெஞ்சுவான், அவன் கெஞ்சினால் எனக்கு மனசு கேட்காது. இளகிய மனசு, ஐயா, சின்ன வயதிலிருந்தே. மூன்று நாள் யோசித்தேன். மூன்று நாளும் காலுக்குக் கீழே தரை மெதுவாக ஆடிக்கொண்டே இருந்தது.

யோசித்ததில் ஒரு வழிதான் நியாயமாகப் பட்டது. அந்த போட் முதல் சுற்று போய்த் திரும்பும்போது என்னை ஏற்றுகிற நிலையில் இருக்கக்கூடாது. அவ்வளவுதான். யார்மேலும் எனக்குக் கோபம் இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் கிளம்பியதும் நான் முறுக்கிய கிளாம்பை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். துறையில் நிற்கும்போது ஒழுகாது, வேகம் கூடினால்தான் ஒழுகும். நாலு வாளி சேரும், விரால் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே திரும்பி வருவான், போட் மறுபடி டிரெய்லருக்கு வரும், திங்கட்கிழமை அவன் போய்விடுவான். பல் டாக்டரின் பிள்ளைகள் ஞாயிறு ஏறுவதாக இருந்தது. அதற்குள் முறுக்கி வைத்திருப்பேன், குழந்தைகள் விஷயத்தில் நான் விளையாடமாட்டேன்.

அப்போதுதான் ஒரு சிக்கல் தோன்றியது. சேரும் தண்ணீரைத் தானாக வெளியே இறைக்க அடியில் ஒரு சின்ன மோட்டார் உண்டு. அது இறைத்துத் தள்ளிவிட்டால் அவன் "ஒண்ணுமில்லடா, ஏறு" என்பான். அதனால் அதன் ஃப்யூஸை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். பிறகு லைஃப் ஜாக்கெட். துறையில் கொக்கியில் இரண்டு தொங்கும். ஜாக்கெட் இருந்தால் "இதைப் போட்டுக்கோ, என்ன பயம்" என்பான். என்னுடையதை மட்டும் ஒளித்தால் அவனுடையதைக் கழற்றி எனக்குத் தந்துவிடுவான். அவன் குணம் எனக்குத் தெரியாதா. இரண்டையும் எடுத்துப் பெயிண்ட் அலமாரியில் வைத்தேன்.

இரண்டு சுற்றுத் தளர்த்தினேன் என்றேன். பேச்சுவாக்கில் வந்துவிட்டது. கிளாம்ப் இரண்டையும் கழற்றிவிட்டேன். குழாய் சும்மா செருகி நின்றது.

சனிக்கிழமை ஏழு மணி. நல்ல வெயில். விரால் கொக்கியைப் பார்த்தான்.

"ஜாக்கெட் எங்கடா?"

"துவைக்கப் போட்டிருக்காங்க போல."

"எனக்கு எதுக்கு அது. உனக்குத்தான் தேடறேன், வாத்து."

தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போனான்.

பாதி ஏரி தாண்டியபோது போட்டின் பின்பக்கம் கொஞ்சம் தாழ்ந்ததைப் பார்த்தேன். அப்போதே அவனுக்குத் தெரிந்திருக்கும். எஞ்சினை நிறுத்தியிருந்தால் ஒழுகலும் நின்றிருக்கும், ஏனென்றால் தண்ணீரை உள்ளே தள்ளியது எஞ்சின்தான். அவன் நிறுத்தவில்லை. வேகத்தைக் கூட்டினான். தண்ணீர் ஏறினால் நிறுத்தாதே, வேகம் எடு, மூக்கு தூக்கிக்கொள்ளும், உள்ளே இருக்கிற தண்ணீர் பின்னால் ஓடி மோட்டாரிடம் சேரும், அது இறைத்துவிடும். எங்கள் பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது எனக்கு ஞாபகம் இருந்ததா என்று கேட்காதீர்கள். இருந்தது.

கரைப் பக்கம் திருப்பினான். உள்ளிருந்த தண்ணீர் மொத்தமும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. போட் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல, சத்தமே இல்லாமல் கவிழ்ந்தது.

அவன் மேலே வந்தான். ஒரு கைதான் வேலை செய்தது. கூப்பிடு தூரம்தான். "வளையத்தைப் போடு" என்றான். மிதவை வளையம் கம்பத்தில் இருந்தது. எடுத்தேன். துறையின் நுனியிலிருந்து வீசினால் போய்ச் சேரும். நான் நான்காவது பலகையில் நின்று வீசினேன். வீசினேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். கால்வாசித் தூரம்கூடப் போகவில்லை. ஐந்தாவது பலகையில் ஒரு காலை வைத்தேன். இடுக்கில் தண்ணீர் என்னைப் பார்த்தது. காலை எடுத்துவிட்டேன்.

அவன் அதைப் பார்த்திருக்க வேண்டும். "நீ வராத," என்றான். "நீ வராதடா. யாரையாவது கூப்பிடு."

அவனே வராதே என்று சொன்ன பிறகு நான் போவது மரியாதையா, ஐயா?

கூப்பிடப் போனேன். காவலாளியின் அறை எண்பது அடிதான். ஆனால் ஆட்கள் வந்தால் ஜாக்கெட் எங்கே என்று கேட்பார்கள். முதலில் பெயிண்ட் அலமாரிக்குப் போய் இரண்டையும் எடுத்து வந்து கொக்கியில் மாட்டினேன். ஒன்று கோணலாக இருந்தது, சரி செய்தேன். பிறகு காவலாளியைக் கூப்பிட்டேன். சத்தமாகத்தான் கூப்பிட்டேன். அப்போது ஏரியில் தொப்பி மட்டும் இருந்தது.

முதலாளி ஜன்னலிலிருந்து தொப்பியைப் பார்த்துவிட்டு என் மனைவிக்கு ஃபோன் செய்துவிட்டார். இருபது நிமிடம் நான் செத்துப்போயிருந்தேன். உயிரோடு வீட்டுக்குப் போனபோது அவள் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அடித்தாள். இனிமேல் குளியலறைத் தாழைப் பற்றிப் பேசமாட்டேன் என்றாள்.

மூன்றாம் நாள் விரால் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி எனக்குத் தங்கை மாதிரி. சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது, மனசு கேட்கவில்லை, அடைத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது ஒரு பையைக் கொண்டுவந்தாள். உள்ளே காற்றடிக்கிற நீச்சல் வளையம். மஞ்சள் வாத்து, தலையோடு.

"சனிக்கிழமைக்குன்னு வாங்கி வெச்சிருந்தார் அண்ணே. உங்ககிட்டக் குடுக்கணும்னார், அன்னைக்குக் காலைல அவசரத்துல மறந்துட்டுப் போயிட்டார். உங்க பொண்ணுக்கா? இவ்வளவு பெருசா இருக்கே."

"ஆமாம்மா," என்றேன். "வளர்ற பொண்ணு."

கட்டிய மனைவியிடம்கூட அவன் சொல்லவில்லை, ஐயா. யோசித்துப் பாருங்கள், எப்பேர்ப்பட்ட சிநேகிதன்.

நீங்கள் நேற்று எவ்வளவு மரியாதையாகச் சொன்னீர்கள். "விபத்துதான், சந்தேகம் ஒண்ணுமில்ல. நேர்ல பார்த்த சாட்சி நீங்க ஒருத்தர்தான். நாளைக்குப் பத்து மணிக்கு எங்க போட்ல வந்து, கவிழ்ந்த இடத்தைக் கைகாட்டிட்டா போதும். அரை மணி நேரம். அப்புறம் வீட்டுக்குப் போயிடலாம்" என்றீர்கள். என் வாக்குமூலம்கூடத் தயாராக இருக்கிறது, கையெழுத்துதான் பாக்கி.

அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுங்கள். ஃப்யூஸ் இதோ, மேஜைமேல் வைக்கிறேன். கிளாம்ப் இரண்டும் என் டூல்ஸ் பெட்டியின் அடித்தட்டில் இருக்கின்றன. விராலைக் கொன்றது நான்தான். கவிழ்ந்த இடத்தை இங்கேயே படம் போட்டுத் தருகிறேன், பலகைக் கணக்கு, அடிக் கணக்கு எல்லாம் சரியாக இருக்கும். இன்றைக்கு போட் வேண்டாம். எத்தனை வருடம் என்றாலும் உள்ளே இருக்கிறேன். அறை தரையில்தானே இருக்கும்.

ஒரே ஒரு உதவி, ஐயா. எதற்காகச் செய்தான் என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் பழைய பகை என்று போட்டுக்கொள்ளுங்கள், பொறாமை என்று போட்டாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. பயம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பட்டறையில் நாலு பேர் முன்னால் என் பேர் கெட்டுவிடும்.