சாவி இப்போது முனியம்மாவிடம்

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் காலை ரயிலில் எனக்கு எதிரே இரண்டு தாதிகள் முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“ஆஸ்பத்திரி பிராந்தி அலமாரிச் சாவியை, வார்டு கூட்டுற முனியம்மாகிட்டக் கொடுத்துட்டேன்க்கா. இப்பத்தான் நிம்மதியாத் தூங்குறேன்.”

நான் பத்திரிகையை விரித்துப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

“அவகிட்டயா? ஏன்?”

“மலேரியா வார்டுல பிள்ளைங்க ஒண்ணு மாத்தி ஒண்ணு செத்துப்போச்சுல்ல. எழுந்திரிக்கவே மனசில்லாமக் கிடந்தேன். நோயாளிக்குக் கொடுக்குற பிராந்தியில ஒரு கரண்டி குடிச்சேன். அப்புறம் கரண்டியே தேவைப்படல.”

“அடிப்பாவி! இப்ப நோயாளிக்கு வேணும்னா என்ன பண்ணுவ?”

“முனியம்மாவைக் கூப்பிடுவேன். என் வாயை மோந்து பார்த்துட்டுத்தான் அலமாரியைத் திறப்பா.”

“வெக்கமா இல்லியா உனக்கு?”

“முதல்ல இருந்துச்சு. நேத்து அவசரத்துல மோந்து பார்க்க மறந்துட்டா. நானே அவளை நிறுத்தி ஊதிக் காட்டினேன்.”

மூத்தவள் தன் முகத்தை அவள் அருகே கொண்டுபோனாள்.

“எங்க, எனக்கும் ஊது பார்ப்போம்.”

இளையவள் கன்னம் உப்ப ஊதினாள்.

“முறுக்கு வாசம்தான் அடிக்குது,” என்று சொல்லி, மிச்சமிருந்ததையும் அவள் மடியில் வைத்தாள் மூத்தவள்.