டிராகனுக்கு ஒரு பொட்டலம் நாசி லெமாக்

யோங் பெங் கடைத்தெருவில் வெயில் ஏறிவிட்டால், தேங்காய்ப்பாலில் வெந்த நல்ல நாசி லெமாக் சோறு கிடைக்காது. அதனால் தேன்மொழி வரும்போதே எல்லாருக்கும் வாங்கி வந்திருந்தாள். கதையாட்டச் சங்கச் செயலவையினர் நீங்கள் அன்றைய ஆட்டத்துக்கு விளக்கம் கேட்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

புதியவர்களுக்குக் கதையாட்டம் நடத்துவது பொறுமையான வேலை. உலகத்தை நான் சொல்வேன். ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். பலிக்குமா என்பதைப் பகடை தீர்மானிக்கும். என் பகடையை மட்டும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உருட்டுவேன். 'கதைவேந்தர்' என்ற பட்டத்தை நான் கேட்டு வாங்கவில்லை. தடுப்பில் அச்சடித்ததோடு சரி.

அன்று டிராகனின் குகை. அது பேச வேண்டிய அறைகூவல் உரையைச் செந்தமிழில் எழுதி, கண்ணாடி முன் பழகியிருந்தேன்.

"கேளீர், மானிடப் பதர்களே" என்று ஆரம்பித்தேன்.

"அண்ணே, ஒரு நிமிஷம்," என்றாள் தேன்மொழி. அவளுக்கு அதுதான் முதல் ஆட்டம். "அது சாப்டாச்சா?"

"எது?"

"டிராகன்தான். தனியா கெடக்கு, பாவம் லா. என் ஆளு ஒரு பொட்டலம் பிரிச்சு வைக்கிறா." நிஜப் பொட்டலம் ஒன்றையும் என் பக்கம் தள்ளினாள்.

"சம்பல் காரம் வேணாம்மா," என்றார் பக்கத்திலிருந்த கமலநாதன். "நெருப்பு விடுற ஆளு. வயிறு ஏற்கெனவே புண்ணா இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

விதிப்படி உருட்டினேன். இருபது விழுந்தது. அந்தப் பகடையில் அதற்கு மேல் எண் கிடையாது. டிராகன் சோற்றை வாங்கிக்கொள்ள வேண்டும், உறவாகிவிட வேண்டும். உறவுக்காரர்களிடம் யார் அறைகூவல் உரை பேசுவார்கள்?

"ஒன்று," என்றேன்.

டிராகன் அவளை விழுங்கியது. அந்தப் பாத்திரத்துக்குப் பெயர் வைத்து, கலர் பென்சிலால் படமும் வரைந்து வந்திருந்தாள். படத்தை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"இனி நான் என்னண்ணே செய்யணும்?"

"உட்கார்ந்து பாரும்மா. கத்துக்கலாம்."

உரையை முழுவதும் பேசினேன். பிறகு பொட்டலத்தைச் சாப்பிட்டேன். சம்பல் நன்றாகவே இருந்தது. இலையை எடுக்க வந்த கமலநாதன் தடுப்புக்குப் பின்னால் இன்னும் இருபதைக் காட்டிக்கொண்டிருந்த பகடையைப் பார்த்துவிட்டு, "அலமாக், என்ன அண்ணே இது," என்றார். மீதியை உங்களிடம்தான் சொல்லியிருக்கிறார்.

இப்போது அவர்களெல்லாம் தேன்மொழி வீட்டில் ஆடுகிறார்களாம். அங்கே டிராகன் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறதாம். எனக்குப் பொறாமை இல்லை. ஞாயிறுதோறும் மேசையை விரித்து, தனியாகவே நடத்துகிறேன். பகடையை இன்னமும் தடுப்புக்குப் பின்னால்தான் உருட்டுகிறேன். ஆட்டக்காரர்கள் எட்டிப் பார்த்துவிடக் கூடாது, பாருங்கள்.