மாம்பலத்துக்கு ஆள் வராத மாசி

— ரங்கன் எங்க கெங்கம்மா? வருசா வருசம் மாசி பொறந்தா ஜவ்வாது மலையிலேர்ந்து ஊரையே இட்டுக்கினு மாம்பலத்துக்கு வந்துடுவான். இன்னிக்கு நீ ஒண்டியா வந்து நிக்கிறே. மத்தவங்கள்லாம் பின்னால வராங்களா?

— யாரும் வரலைங்க, கஃபார் சாயபு. எங்க வூட்டுக்காரரும் வரல. நான் மட்டுந்தான்.

— தோ பாரு, வெளையாடாதே. இந்த ஏரிய தூர்த்து மனையாக்கித் தரேன்னு வாக்கு குடுத்துட்டேன். அந்தக் கோடியில வூடுங்க எழும்பிக்கினு கீது. இந்தப் பள்ளத்த உங்க ஆளுங்கள நம்பித்தான் வுட்டு வெச்சேன். வேற எவனாவது கூலி ஒசத்திக் கூப்டானா?

— அப்படி இல்லீங்க. ஊர்ல வேல இருக்குது. அதான் வரல.

— மாசியிலயா? மலையில அப்ப இன்னா வேல? சாமைய அறுத்துட்டா அப்பால மண்ணு காஞ்சி கெடக்கும், குடிக்கவே தண்ணி கெடையாதுன்னு ரங்கன்தானே சொல்வான்?

— இப்ப ஓடையில தண்ணி நிக்குது சாயபு. ரெண்டாம் போகம் கேவுரு நட்டிருக்காங்க.

— எப்பிடி நின்னுச்சி?

— அது இங்கேர்ந்து போன புத்திதான். கேளுங்க. ரெண்டு மாசிக்கு முன்னால இந்த ஏரிக்கரைய வெட்டிச் சாய்க்கச் சொன்னீங்களே, அப்ப அவரு கரையோட வயித்தப் பாத்துட்டாரு. நடுவுல களிமண்ணு, மிதிச்சு மிதிச்சு அடுக்கு அடுக்கா. தண்ணி பக்கம் கல்லு. எல்லாரும் கூடையத் தூக்கிட்டுப் போறாங்க, இவரு மட்டும் கையால தடவிப் பாத்துக்கிட்டே நிக்கிறாரு. நீங்ககூட சத்தம் போட்டீங்க.

— போட்டேன், போட்டேன். நான் குடுத்த வேலையில கத்துக்கினு எனக்கே ஆள் இல்லாம பண்ணிட்டானா?

— ஊருக்குப் போனதும் இதே பேச்சுதாங்க. மலையில பேயுற மழை மலைக்கு இல்ல, ஓடியே எறங்கிப் போயி கீழூரு ஏரிய ரொப்பிடுது, நாம கூடைய எடுத்துக்கிட்டு பட்டணம் போறோம், ஓடைய மறிச்சா போவ வேணாம்னாரு. பெரியவங்களும் சரின்னாங்க. ஆனா கரை கட்டுனா பின்னால யாரு நெலமாச்சும் முழுவணும் இல்லீங்களா? தன் நெலத்த வுட ஒருத்தரும் ஒத்துக்கல. கடைசியில, யாருக்கும் நட்டமில்லாத எடம்னு மேல ஓடை அகலமா வர்ற எடத்துல கட்டுனாங்க.

— நின்னுச்சா?

— ஐப்பசி மழை அடிச்சிக்கிட்டுப் போயிடுச்சு. கீழ இருந்த சாமைக் கொல்லையெல்லாம் கல்லும் மணலுமாப் போச்சு. ஊரே அவரு மேல பாஞ்சிது. எங்க அண்ணனே பேசறத நிறுத்திட்டான். போன மாசி இங்க வந்தப்ப அவரு யார்கிட்டயும் பேசாம மண்ணு சொமந்தாரே, அது இதனாலதான். ஊருக்குத் திரும்பினதும் வூட்ட வுட்டு வெளிய வரல. சோத்தப் போட்டா பெசஞ்சிக்கிட்டே ஒக்காந்திருப்பாரு. கட்ட வேண்டிய எடம் எதுன்னு அவருக்குத் தெரியும். கீழ ரெண்டு பாறை எதிரும் புதிருமா நிக்குது. அதுக்கு நடுவுல மறிச்சா எந்த மழைக்கும் தாங்கும். ஆனா பின்னால ஒரு கொல்ல முழுவிடும்.

— யாரோட கொல்ல?

— எங்களுது.

— அங்கயா கட்னான்?

— அங்கதாங்க. போன கோடையில. ஐப்பசி வந்துது, கரை அசையல. இப்ப மொற வெச்சு மடை தெறக்கறாங்க. தெறக்கறவரு அவருதான். புதுக் கரை, நண்டு வளை போட்டாக்கூட உடனே பாத்து அடைக்கணும். அதனால ஊரு அவர வுடாது. எங்களுக்கு மாத்தா மேட்டுல ஒரு கரடு குடுத்திருக்காங்க. கல்லு பொறுக்கி, முள்ளு வெட்டி, அது வெளையறதுக்கு இன்னும் நாளாவும். அது வரைக்கும் நான் இங்க மண்ணு சொமக்கறேன்.

— கெங்கம்மா, தோ பாரு. நீ ஊருக்குப் போய் பாதிப் பேரையாவது இட்டுக்கினு வா. உன்னையே மேஸ்திரியா போடறேன். நீ கூடை தூக்க வேணாம், நெழல்ல நின்னு வேல வாங்கு.

— வர மாட்டாங்க சாயபு. நானும் கூப்பிட மாட்டேன். ஒருத்தன் எறங்கி வந்தா அவன் மொறைத் தண்ணி வீணாப் போவும். அப்பறம் ஒவ்வொருத்தனா எறங்கிடுவான்.

— அப்ப நீ மட்டும் எறங்கி வரலாமா? நான் சொல்றத தப்பா நெனைக்காதே. ஊருக்கெல்லாம் கேவுரு, உனக்கு மட்டும் கூடை. பேரு வாங்கறதுக்கோசரம் பொண்டாட்டிய நட்டாத்துல வுட்டுட்டான் அந்த ரங்கன். நல்லவன்னு நெனச்சேன்.

— அவர ஒண்ணும் சொல்லாதீங்க.

— சொல்லாம? அப்பன் வெச்சிட்டுப் போன நெலத்த தண்ணிக்குள்ள வுட்டுட்டு, அடுத்தவன் கொல்லைக்கு மடை தெறந்துக்கினு கீறான். நீ இன்னாடான்னா அவனுக்கு வக்காலத்து வாங்கிக்கினு கீறே.

— அது அவரு அப்பன் வெச்ச நெலம் இல்லீங்க. எங்கம்மா எனக்குக் குடுத்தது. அவரு வேணவே வேணாம்னுதான் சொன்னாரு. கரைக்கு மொதக் கூடை மண்ண அந்தக் கொல்லையில வெட்டுனது நான்.