செவுத்துல விழுந்த வெளிச்சம்

இல்ல சார், கழட்டித் தரமாட்டேன்னு நான் சொல்லவே இல்லையே. எதுக்குன்னு தெரிஞ்சுக்கக் கூடாதா? இந்தக் கடைக்கு வர்றவங்க எல்லாம் வெளிச்சம் பத்தலைன்னுதான் வருவாங்க. பளிச்சுனு வெள்ளையா அடிக்கற எச்.ஐ.டி. பல்பை எடுத்துட்டு பழைய ஹாலோஜனையே போடுன்னு கேட்ட மொத ஆளு நீங்கதான்.

கண்ணு கூசுதா? யாருக்கு, உங்களுக்கா? உள்ள உக்காந்து ஓட்டறவங்களுக்கு ஏன் சார் கூசப்போகுது, கூசறது எதிர்ல வர்றவங்களுக்கு. வண்டியை விட்டு இறங்கும்போது போலீஸ்காரங்க தொல்லைன்னீங்க. இப்ப கண்ணு கூசுதுங்கறீங்க. சரி சரி, ரெண்டுமாவே இருக்கட்டும்.

கோவிச்சுக்காதீங்க. வண்டியை அந்த வெள்ளைச் செவுத்துக்கு நேரா நிறுத்துங்க. ஷட்டரைப் பாதி இறக்கிக்கறேன். லைட்டைப் போடுங்க. டிம்லயே இருக்கட்டும். இது சட்டுனு எரியாது, கொஞ்சம் கொஞ்சமாத்தான் வெளுக்கும்.

பம்பர் புதுசு போல? கலர் லேசா ஒட்டலையே. வீட்டு கேட்டுல இடிச்சிட்டீங்களா. ம், ஆகறதுதான்.

இப்ப பாருங்க. இந்த விளக்கு ஹாலோஜனுக்குன்னு அளவெடுத்துச் செஞ்சது. அதுல எரியறது ஒரு சின்னக் கம்பி. கம்பி இருக்கற இடத்தை வெச்சுத்தான் வெளிச்சம் ரோட்டுல விழும். இந்தப் பல்புல கம்பியே கிடையாது, இடம் மாறி எரியுது. அதான் கண்டபடி தெறிக்குது. மாத்தின வண்டி எல்லாமே இப்படித்தான். ஆனா உங்க வலது பக்கத்தைப் பாருங்க, நேரா மேல அடிக்குது. பல்பு உக்காரலைன்னு அதை நேரா நிறுத்தற காதுத் தகட்டை அரத்தால ராவிட்டு, தலைகீழா திணிச்சிருக்கான் மனுஷன். இப்படி ஒரு கைவேலையை நான் வேற எந்த வண்டியிலயும் பாத்ததில்ல.

எங்க போட்டீங்க? ஞாபகம் இல்லையா. பாலத்து வளைவு வழியாத்தானே வீட்டுக்குப் போவீங்க? அதுவும் இல்லையா. போன மாசம் அங்க ஒரு ஸ்கூட்டரைத் தட்டிட்டு ஒரு கார் நிக்காமப் போயிடுச்சு. கேள்விப்பட்டிருப்பீங்களே. வண்டி நம்பர் தெரியல, கலர் தெரியல. கண்ணுக்குள்ள வெள்ளையா அடிச்சா வேற என்ன தெரியும்? ஒரு லைட்டு ரோட்டைப் பாத்துது, இன்னொண்ணு மூஞ்சியைப் பாத்துது, ஸ்கூட்டர்ல வந்தவங்களால அவ்வளவுதான் சொல்ல முடிஞ்சுது. ஸ்டேஷன்ல சிரிச்சு அனுப்பிட்டாங்க. எனக்கு மட்டும் அது போதும்னு தோணுச்சு. லைட்டு வேலை பாக்கறவனாச்சே. அன்னையில இருந்து எந்த வண்டி வந்தாலும் மொதல்ல செவுத்துல அடிச்சுப் பாத்துடறேன். அந்த ஆளு கையில கிடைச்சா என்ன பண்ணுவேன்னு எனக்கே பயமா இருந்துது. இப்ப பாருங்க, நிதானமா பேசிக்கிட்டிருக்கேன்.

கழட்டின பல்பைக் கையோட குடுத்துடணும்னு ஏன் சார் இத்தனை அவசரம்? தூக்கித்தானே போடப் போறீங்க?

அணைக்காதீங்க. எரியட்டும். அங்க பில் போடற டேபிள்ல உக்காந்திருக்கறது என் தங்கச்சி. கால்ல இன்னும் கட்டு பிரிக்கல, அதான் எழுந்து வரல. நீங்க லைட்டைப் போட்டதுல இருந்து அவ அந்தச் செவுத்தையேதான் பாத்துக்கிட்டிருக்கா.