தாலி கட்டும்போது ட்ரம்ஸ்

லண்டனில் ஆர்ச்வே போகும் பேருந்தில் எனக்கு முன்னால் இருவர். மூத்தவரின் மகளுக்கு நாளை கல்யாணம். தவில்காரருக்குக் கை சுளுக்கிவிட்டதாம்.

“அப்ப தாலி கட்டேக்கை கெட்டிமேளம் ஆர் அண்ணை அடிக்கிறது?”

“பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர். வாழ்க்கை முழுக்க ராக் அண்ட் ரோல் குழுக்களிலை ட்ரம்ஸ் அடிச்ச மனுசன்.”

“சத்தம் எண்டு நீங்கள் கவுன்சிலுக்கு முறைப்பாடு குடுத்தீங்களே, அந்த ஆளோ?”

“ஓம், அவர்தான்.”

முறைப்பாட்டுக்கு முன் அயலவரிடம் பேசிப்பார்க்க வேண்டும் என்பது நடைமுறை. இவர் இப்போதுதான் பேசியிருக்கிறார்.

“ஒத்துக்கொண்டாரோ?”

“ஐயர் கை காட்டினா, ஒருத்தற்றை தும்மலும் கேக்காத மாதிரி அடிக்கோணும் எண்டன். மனுசன் என்னைக் கட்டிப்பிடிச்சிட்டார். பாட்டுக்காரர், அவற்றை பெண்சாதி, நான், எல்லாரும் மெல்ல அடி எண்டுதானாம் சொன்னது. பலமா அடியெண்டு ஒருத்தர் கேக்கிறது இதுதான் முதல்தரமாம்.”