கடல்நாய் துப்பிய மீன்

சௌல்தாரியிலிருந்து போர்ட் பிளேர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். மூத்தவர் மடியிலிருந்த ஜிலேபிப் பொட்டலத்தைப் பிரித்தார்.

“எடுத்துக்கோ ரேவதி. என் மகனுக்கு வேலை போயிடுச்சு.”

“அரே, என்னக்கா! அதுக்கா ஜிலேபி?”

“வெளிநாட்டுல கடல்நாய்க்கு மீன் போடுற வேலைதானே. அந்த வித்தை காட்டுற பார்க்கை மூடிட்டாங்க. கடல்நாயைக் கடல்லயே வேலி போட்டு விட்டிருக்காங்க. அது தானா மீன் பிடிக்கிற வரைக்கும் இவன் அங்கேயே இருக்கணுமாம். அதுவோ பிறந்ததுலேர்ந்து தொட்டியில கைதட்டிக் காட்டி மீன் வாங்கின பிராணி. ரெண்டு தீபாவளிக்கு இவன் வரல.”

“இப்ப?”

“நேத்து இவன் போட்ட மீனைத் துப்பிட்டுச்சாம்! உயிர் மீனைத் துரத்திப் பிடிச்சுத் தின்னுச்சாம். தின்னுட்டு, பழக்கதோஷம், அதுவே கைதட்டிக்கிச்சாம்.”

பின் சீட்டிலும் சிரித்தார்கள். கண்டக்டர் கேட்காமலே ஒரு ஜிலேபி எடுத்துக்கொண்டார்.

“உங்க மகனும் தானே சமைச்சுத் தின்னப் பழகியிருப்பானேக்கா.”

“பழகியிருக்கட்டும். வெள்ளிக்கிழமை வர்றான், அதான் மீனுக்குச் சொல்லி வைக்கப் போறேன். அவன் வந்து உட்கார்ந்தா போதும். கைகூடத் தட்ட வேண்டாம்.”