ஏசி ஹோஸைப் பிடித்திருந்த கை

காரில் இன்ஜின் மாற்றும்போது, இன்ஜினை இறக்கி உட்கார வைப்பது ஒரு பெரிய காரியமே இல்லை. கல்யாணத்தில் மாப்பிள்ளையைச் சமாளித்துவிடலாம், கூட வரும் சொந்தபந்தங்களைத்தான் சமாளிக்க முடியாது, அதுபோலத்தான் இதுவும். ஆல்டர்னேட்டர், ஸ்டீயரிங் பம்ப், ஏசி கம்ப்ரசர் எல்லாம் ஒரே பெல்ட்டில் ஓட வேண்டும். ஒரு புல்லிச் சக்கரம் கொஞ்சம் முன்னே பின்னே நின்றாலும் பெல்ட் கத்தும், பிறகு அறுந்துபோகும். இந்தக் காரில் அந்த வேலையைச் செய்தது என் தங்கையின் கணவன். சுத்தமான வேலைக்காரன். செத்துப்போனவன் என்பதற்காகச் சொல்லவில்லை, உயிரோடு இருந்தபோதே அவன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறேன்.

உட்காருங்கள், இன்ஸ்பெக்டர் சார். மறைக்க ஒன்றும் இல்லை.

அப்பா அம்மா போனபிறகு பாப்பாவை வளர்த்தது நான். பெயர் வேறு இருக்கிறது, எனக்கு அவள் பாப்பாதான். வெளியே கட்டிக்கொடுத்தால் கண்காணாமல் போய்விடுவாள் என்று, என் ஷெட்டில் வேலை பார்த்தவனையே பார்த்து முடித்தேன். கீழே ஷெட், மாடியில் வீடு. மூன்று பேரும் ஒன்றாகவே சாப்பிட்டோம். பக்கத்து அறையில் அவள் இருமினால் எனக்கு விழிப்பு வந்துவிடும்.

ஏசி ஹோஸுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தபோது அவன் அந்தப் பேச்சை எடுத்தான்.

“மச்சான், வேற ஊர்ல ஒரு கடை பாத்திருக்கேன். இந்த வண்டிய முடிச்சுக் குடுத்துட்டு நாங்க கெளம்பலாம்னு இருக்கோம்.”

“பாப்பா என்ன சொல்றா?”

“அவதான் மச்சான் மொதல்ல சொன்னதே.”

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் புருஷன் சொல்லிக்கொடுப்பதைத்தானே பெண்டாட்டி ஒப்பிப்பாள். அவளிடம் நான் கேட்கவில்லை. கேட்டு எதற்கு அவளைச் சங்கடப்படுத்த வேண்டும்.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நிதானமாகத்தான் யோசித்தேன். விரல் இல்லாத மெக்கானிக் எந்த ஊரில் போய்க் கடை போடுவான்? இங்கேயே இருப்பான், நான் சோறு போடுவேன், பாப்பாவும் இருப்பாள். எல்லோருக்கும் நல்லதாகவே பட்டது.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. இன்ஜினைக் கிளப்பச் சொல்லி யாரும் குரல் கொடுப்பதில்லை. முன்னால் குனிந்திருப்பவன் சக்கரத்துக்கு மேலுள்ள ஃபெண்டர் தகட்டில் இரண்டு தட்டு தட்டினால்தான் உள்ளே இருப்பவன் சாவியைத் திருப்புவான். வண்டியை ஒப்படைக்க வேண்டிய அன்று காலை நான் சாவியோடு உட்கார்ந்தேன். தூக்கி வைத்த பானட் அவன் முகத்தை மறைத்தது, அதன் அடி இடுக்கில் கைகள் மட்டும் தெரிந்தன. ஒரு கை பெல்ட்டை அமுக்கி இறுக்கம் பார்த்தது. பெல்ட்மேல் சாய்ந்து கிடந்த ஏசி ஹோஸை இன்னொரு கை ஒதுக்கிப் பிடித்திருந்தது.

“மச்சான், இந்த ஹோஸ ஒதுக்கிக் கட்டுற கிளாம்ப் போடலியா?”

“அப்புறம் போட்டுக்கலாம் மாப்ள. நீ பெல்ட்டப் பாரு.”

சாவியைத் திருப்பினேன்.

விரல்கள் போயின. அதோடு நின்றிருக்க வேண்டும். பெல்ட் கையை இழுத்தது, கையோடு ஆளையும் இழுத்தது, இன்ஜின் முன்னால் சுற்றும் இரும்பு ஃபேன் கழுத்தில் பட்டது. பானட்டின் உள்பக்கம் மழை அடிப்பதுபோலச் சத்தம் கேட்டது. அது ரத்தம் என்று பிறகுதான் பார்த்தேன். அவன் கால்கள் பம்பரை உதைத்தன.

சாவி என் விரலில்தான் இருந்தது, அணைத்திருக்கலாம். பிழைத்தால், நான் தட்டவே இல்லை என்று வாயைத் திறந்து சொல்வானே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆக்சிலரேட்டரை மிதித்தேன். உதைப்பது நிற்கும்வரை காலை எடுக்கவில்லை. பெல்ட் நழுவவும் இல்லை, கத்தவும் இல்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

தட்டுச் சத்தம் கேட்டதாக உங்களிடம் சொன்னேன், நீங்களும் நம்பினீர்கள். பாப்பா நம்பவில்லை. ஷெட்டில் வளர்ந்தவள் அல்லவா. ஹோஸில் கிளாம்ப் இல்லாததைப் பார்த்திருக்கிறாள். ஒரு கை ஹோஸில், ஒரு கை பெல்ட்டில், அப்புறம் தட்ட அவருக்கு ஏது கை என்று உங்களிடமே வந்து கேட்டிருக்கிறாள். நியாயமான கேள்வி. கிளாம்ப் என் சட்டைப்பையில் இருந்தது. அவன் இரண்டு கையும் உள்ளே இருக்கட்டும் என்று வேண்டுமென்றேதான் போடாமல் விட்டேன். ஒரு கை மிஞ்சினாலும் அவன் கடை போட்டுவிடுவான், அப்படிப்பட்ட கெட்டிக்காரன்.

கொன்றது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று, பாப்பா எங்கேயும் போகவில்லை. கோபம் இருக்கிறது, ஆறிவிடும். ராத்திரி அறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன், என் பெரிய ஸ்பானரை இறுக்கிப் பிடித்தபடி படுத்திருந்தாள். வீட்டில் எத்தனையோ சாமான் இருக்க, அண்ணன் கைபட்ட பொருள் பக்கத்தில் இருந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வருகிறது.